ஒரு சொல் மாறும் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வேலை கொடுத்திருந்தேன். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டின் சரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் படியுங்கள், எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் என்னை மிகவும் மகிழ்வித்துவிட்டன. நாட்டிய நாடகங்களுக்குப் பாட்டு எழுதுவதும், எழுத விரும்புகிறவர்களுக்குச் சொல்லித்தருவதும் என் தொழில். இந்தப் பேச்சு எனக்கு ஒருநாளும் அலுக்காது. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: அம்மையீர், இரண்டு சரணங்களின் கடைசி வரிகளும் ஒன்றுபோலவே இருந்து ஒரு சொல் மட்டும் வேறுபட்டால், அது கவிஞர் யோசித்து மாற்றியதா, எதுகைக்காக மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்)

பதில்: மாறிய சொல்லை எடுத்துவிட்டு, பழைய சொல்லையே அந்த இடத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள், ஐயா. ஓசை மட்டும் கெட்டால் அது ஓசைக்காக வந்த சொல். ஓசை கெடாமல் கதை நின்றுபோனால், அது யோசித்து வைத்த சொல். நல்ல கவிஞர்களிடம் இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும், அதுதான் அழகு.

தங்களுக்கு நான் புறநானூறு சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் மற்ற வாசகர்களுக்காக 112ஆம் பாட்டை இங்கே தருகிறேன். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது. ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் உள்ள வேறுபாடு அகரம் இகரமானது மட்டுமே. அற்றை இற்றையாகிறது, அவ்வெண் நிலவு இவ்வெண் நிலவாகிறது. நிலவு என்னவோ அதே நிலவு. இடையில் நடந்த சாவு, நாடிழப்பு எல்லாவற்றையும் இரண்டு எழுத்துகள் தாங்கி நிற்கின்றன. 'அழுதோம்' என்று ஒரு சொல் உண்டா? இல்லை.

இதில் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் 'எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார்' என்கிறார்கள், தந்தை முன்னே, குன்று பின்னே. இரண்டாம் முறை வரிசை திரும்பிவிடுகிறது. குன்று போனதை முதலில் சொல்லிவிட்டு, தந்தை இல்லாததைக் கடைசியில் சொல்கிறார்கள். பழைய வரிசையிலேயே சொல்லியிருந்தால் பாட்டு நாட்டை இழந்தவர்களின் பாட்டாக முடிந்திருக்கும். இப்போது அது தந்தையை இழந்த பெண்களின் பாட்டாக முடிகிறது. சொல்லை மாற்றாமல் இடத்தை மாற்றுவதும் மாற்றம்தான் என்பதை நான் இந்தப் பாட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: ஒரு சொல் மாறினால் கதையே மாறும் என்பது பாட்டு எழுதுகிறவர்களின் பெருமைப் பேச்சு என்று நினைக்கிறேன். கேட்கிறவர்கள் மெட்டைத்தான் கேட்கிறார்கள். சொல்லை யார் அவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறார்கள்? (வாசகர் ஒருவர்)

பதில்: இதற்கு என்னைவிட இளங்கோவடிகள் நன்றாகப் பதில் சொல்வார். சிலப்பதிகாரத்தின் கதை திரும்பும் இடமே, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பாடிய பாட்டுத்தான்.

புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கிறார்கள். மாதவி யாழை எடுத்துக் கொடுக்கிறாள். கோவலன் காவேரியை முன்னிறுத்திப் பாடத் தொடங்குகிறான்.

திங்கள் மாலை வெண்குடையான் சென்னி செங்கோல் அதுஓச்சிக்
கங்கை தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி

சோழன் தன் செங்கோலைச் செலுத்திக் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், காவேரி. அப்படி ஊடாமல் இருப்பதுதான் மாதரின் பெருங்கற்பு என்று அறிந்தேன் என்று அந்தப் பாட்டை முடிக்கிறான். அடுத்த பாட்டும் அதே வார்ப்பில் வருகிறது.

மன்னும் மாலை வெண்குடையான் வளையாச் செங்கோல் அதுஓச்சிக்
கன்னி தன்னைப் புணர்ந்தாலும் புலவாய் வாழி காவேரி

கங்கை இருந்த இடத்தில் கன்னி, அதாவது தெற்கேயுள்ள குமரி. திங்கள், கங்கை, மங்கை என்று ஓடிய எதுகை, மன்னும், கன்னி என்று மாறியது. அவ்வளவுதான் என்று ஓசை கேட்கிறவர் சொல்லலாம். அரசனைப் புகழ்கிறவர் கேட்டால், வடக்கிலிருந்து தெற்கு வரை ஆட்சி விரிந்தது என்பார். ஆனால் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கேட்கிறாளே, அவள் காதில் இது எப்படி விழும்? ஒருத்தி இருந்த இடத்தில் இன்னொருத்தி வந்திருக்கிறாள். 'புணர்ந்தாலும்' அப்படியே இருக்கிறது. 'புலவாய்' அப்படியே இருக்கிறது. ஒருமுறை சொன்னால் அது உவமை. பெயரை மட்டும் மாற்றி மறுமுறையும் சொன்னால் அது ஒருவனுடைய வழக்கம்.

மாதவி என்ன செய்தாள் என்பதை இளங்கோ சொல்லும் விதத்தைப் பாருங்கள். 'கலவியால் மகிழ்ந்தாள்போல் புலவியால் யாழ்வாங்கி' என்கிறார். நீ புலவாய் என்று அவன் பாடி முடித்ததும் இவள் புலவியோடு யாழை வாங்குகிறாள். கோவலனுடைய சொல்லையே எடுத்து, இல்லை, ஊடல் இங்கேதான் இருக்கிறது என்று ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார்.

இனி மாதவியின் பாட்டு. அவள் புதிய வார்ப்பு எதையும் தேடவில்லை. அவனுடைய மூன்றாம் பாட்டில் இருந்த 'நடந்தாய் வாழி காவேரி'யையும், முதல் இரண்டில் இருந்த 'அறிந்தேன் வாழி காவேரி'யையும் எடுத்துக்கொள்கிறாள்.

கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்தவெல்லாம் நின்கணவன்
திருந்துசெங்கோல் வளையாமை அறிந்தேன் வாழி காவேரி

அவன் 'பெருங்கற்பென்று அறிந்தேன்' என்றான். இவள் 'செங்கோல் வளையாமை அறிந்தேன்' என்கிறாள். காவேரி அழகாக நடப்பதற்குக் காரணம் அவளுடைய பொறுமை அல்ல, கணவனின் கோல் வளையாதது. கோவலன் தன் இரண்டாம் பாட்டில் 'வளையாச் செங்கோல்' என்று போகிற போக்கில் ஓர் அடைமொழி வைத்தான் அல்லவா? அந்த அடைமொழியை அவள் நிபந்தனையாக்கிவிட்டாள். பொறுப்பு முழுவதும் பெண்ணின் மேலிருந்து ஆணின் மேல் நகர்ந்துவிட்டது. இதற்கு அவள் புதிதாகக் கொண்டுவந்த சொல் 'நின்கணவன்' ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் அவன் வாயிலிருந்து எடுத்தவை.

கோவலன் என்ன நினைத்தான்? நான் கானல்வரி பாட, இவள் வேறொன்றின்மேல் மனம்வைத்துப் பாடினாள் என்று நினைத்தான். எழுந்தான், மாதவியை விட்டுப் போனான். பிறகு கண்ணகி, சிலம்பு, மதுரை, தீ. இளங்கோ இதற்கு ஊழ்வினையையும் காரணமாகச் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊழ்வினை வந்து சேரத் தேர்ந்துகொண்ட இடம் யாழிசை.

மெட்டைத்தான் கேட்கிறார்கள் என்றீர்கள். நான் அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மெட்டு மாறாமல் திரும்பி வருவதால்தான் காது அடுத்த சொல்லை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. கங்கை வந்த அதே சுரத்தில் கன்னி வந்து நிற்கும்போது அந்த எதிர்பார்ப்பு இடறுகிறது. உரைநடையில் ஒரு பக்கம் எழுதினாலும் அந்த இடறலை உண்டாக்க முடியாது. கேட்பவர் எந்தச் சொல் மாறியது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஏதோ மாறிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கோவலனுக்குத் தெரிந்தது அதுதான்.

கேள்வி: என் பேத்தியைத் தூங்கவைக்கும்போது என் தாயார் பாடிய தாலாட்டையே பாடுகிறேன். 'மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே' என்று உறவும் பூவும் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. இதில் கதை என்று ஏதாவது இருக்கிறதா? (பாட்டி ஒருவர்)

பதில்: இருக்கிறது, அம்மா. நிறையவே இருக்கிறது.

முதலில் 'யார் அடித்து நீ அழுதாய்' என்று ஒரு கேள்வி. பிறகு ஒவ்வொரு உறவாக அழைத்துவந்து நிறுத்துகிறோம். மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி. மோனைக்காக வந்த பூக்கள்தான். ஆனால் மோனை கொடுத்த அந்தப் பூவிலேயே ஒரு குடும்பச் செய்தி ஏறிவிடுகிறது. பாடுகிறவள் தாய். மாமன் அவள் உடன்பிறந்தவன், அவன் கையில் மணக்கும் மல்லிகை. அத்தை அவள் கணவனின் சகோதரி, அவள் கையில் நஞ்சுள்ள அரளி. குழந்தைக்கு இது தெரியாது. அடுத்த அறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தாலாட்டு பாடிய பெண்களுக்குத் தங்கள் மனத்தைச் சொல்ல அது ஓர் இடம்.

பல வீடுகளில் பாடும் வடிவங்களில் இந்த விசாரணை முடியும் இடமும் உண்டு. 'ஆரும் அடிக்கவில்லை, ஐவிரலும் தீண்டவில்லை' என்று ஒரு வரி வரும். அத்தனை கண்ணிகளிலும் 'அடித்தானோ, அடித்தாளோ' என்று நீண்ட ஓகாரம் அங்கே அறுந்து 'அடிக்கவில்லை' என்று தீர்ப்பாகிறது. குழந்தை அதற்குள் கண்ணயர்ந்திருக்கவேண்டும். உங்கள் தாயார் பாடியதில் இந்த வரி இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் எழுதிவையுங்கள்.

உறவுகளை வரிசையாக நிறுத்திக் கதை சொல்லும் இந்த முறை மிகப் பழையது, பல மொழிகளில் இருக்கிறது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற அமெரிக்க அறிஞர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டுக் கதைப்பாடல்களை 1882 முதல் 1898 வரை தொகுத்து வெளியிட்டார். மொத்தம் 305 பாடல்கள். அவற்றில் 95ஆவது, தூக்குமரத்தின் அடியில் நிற்கும் ஒரு பெண்ணின் பாட்டு. சற்றுப் பொறுங்கள், அதோ என் தந்தை வருகிறார் என்று அவள் தூக்கிலிடுகிறவனைக் கெஞ்சுகிறாள். என்னை மீட்கப் பொன் கொண்டுவந்தீர்களா என்று தந்தையைக் கேட்கிறாள். இல்லை, நீ தூக்கில் தொங்குவதைப் பார்க்க வந்தேன் என்கிறார் அவர். பிறகு தாய், அண்ணன், தங்கை. கேள்வி மாறுவதில்லை, பதில் மாறுவதில்லை, உறவு மட்டும் மாறுகிறது. கடைசியில் காதலன் வருகிறான். அப்போது உறவோடு பதிலும் மாறுகிறது, அவன் பொன்னோடு வந்திருக்கிறான். அத்தனை முறை 'இல்லை' கேட்காத காதுக்கு அந்த ஒரு 'ஆம்' ஒன்றுமே இல்லை. திரும்பத் திரும்ப வரும் வரிகளைச் சுருக்கிக் கதையை மட்டும் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும், கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்.

கேள்வி: நான் பாட்டு எழுதப் பழகுகிறேன். காத்திருக்கும் ஒருவரைப் பற்றிய என் பாட்டில் இரண்டு சரணங்களையும் வெவ்வேறு விதமாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் கேட்டவர்கள், 'இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன' என்கிறார்கள். எங்கே கோளாறு? (இளைஞர் ஒருவர்)

பதில்: நீங்கள் அனுப்பிய வரிகளை வாசகர்களும் பார்க்கட்டும், தம்பி. முதல் சரணத்தில்:

வாசலில் விளக்கேற்றி வைத்திருந்தேன்
வருவாய் என்று விழித்திருந்தேன்

இரண்டாம் சரணத்தில்:

நெஞ்சினில் நெருப்பேந்தி நின்றிருந்தேன்
நீயில்லை என்றே அழுதிருந்தேன்

சொற்கள் எல்லாம் மாறியிருக்கின்றன, நிலைமை மாறவில்லை. முதலிலும் காத்திருக்கிறார், பிறகும் காத்திருக்கிறார், துயரம் மட்டும் உரக்கக் கேட்கிறது. எல்லாச் சொல்லும் மாறிவிட்டால் கேட்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. வாசல் எங்கே போனது, விளக்கு அணைந்ததா, எரிகிறதா? நீங்களே ஊன்றிய கம்பத்தை நீங்களே பிடுங்கிவிட்டீர்கள்.

நான் சொல்வதைச் செய்துபாருங்கள். முதல் சரணத்தை அப்படியே விடுங்கள், அது நன்றாக இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் இப்படி:

வாசலில் விளக்கேற்றி வைத்திருந்தேன்
வருவோர்க் கென்று விழித்திருந்தேன்

'வருவாய் என்று' என்பதும் 'வருவோர்க் கென்று' என்பதும் அசை பிரித்தால் ஒன்றே. நிரை நேர், நேர் நேர். மெட்டில் ஓர் இழை பிசகாது. ஆனால் 'நீ' போய்விட்டது. ஒருவருக்காக ஏற்றிய விளக்கு வழியில் போகிற எவருக்கும் உரியதாகிவிட்டது. அந்த மனிதர் வரமாட்டார் என்று பாட்டு எங்குமே சொல்லவில்லை, கேட்பவர் தானாகத் தெரிந்துகொள்கிறார். மூன்றாம் சரணம் வைக்கும் எண்ணம் இருந்தால் கடைசிச் சொல்லை மட்டும் தொடுங்கள்:

வாசலில் விளக்கேற்றி வைத்திருந்தேன்
வருவோர்க் கென்று விழித்திருப்பேன்

இறந்தகாலம் எதிர்காலமாகிறது. விட்டுப்போனவரை நினைத்து விழித்திருந்தவர், இப்போது தானாக ஒரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டார். இதையும் அசை பிரித்துப் பாருங்கள், அளவு அதேதான்.

ஒன்று மட்டும் கவனம். இந்த மாற்றம் தானாக நடந்ததுபோல் இருக்கக்கூடாது. முதல் சரணத்துக்கும் இரண்டாம் சரணத்தின் ஈற்றடிக்கும் நடுவே ஒரு நிகழ்ச்சி வேண்டும். யாரோ ஒரு வழிப்போக்கர் இருட்டில் தடுமாறி வந்தார், இந்த வெளிச்சத்தில் பாதை தெரிந்து கடந்துபோனார் என்று இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை நான் எழுதித் தரமாட்டேன், அது உங்கள் பாட்டு. பலரும் மாறும் சொல்லைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதற்கு முன்னால் வரவேண்டிய காரணத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் இல்லாத மாற்றம் வெறும் சொல் விளையாட்டாகவே நிற்கும்.

'நெஞ்சினில் நெருப்பேந்தி' என்ற தொடரின் ஓசை நன்றாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கென்று ஒரு பாட்டு வரும்.

கேள்வி: பல்லவியை மாற்றலாமா, கூடாதா? (வாசகி ஒருவர்)

பதில்: மாற்றலாம். ஆனால் மாற்றாமல் இருந்தாலே பல நேரங்களில் அது மாறிவிடும். சரணத்தில் ஏதோ நடந்துவிட்டது, பல்லவி அதே சொற்களோடு திரும்புகிறது. சொல்லும் ஆள் இப்போது வேறு மனநிலையில் இருப்பதால் சொற்களும் வேறாகக் கேட்கின்றன. அந்த வேலையைச் சரணமே செய்துவிட்டால் பல்லவியைத் தொடாதீர்கள்.

மாறாத சட்டத்துக்குள் மாறுவதை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்று பார்க்க, ஐங்குறுநூற்றின் முதல் பத்தைப் படியுங்கள். ஓரம்போகியார் பாடியது. பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்கும். பத்திலும் 'எனவேட் டோளே யாயே, யாமே' என்று நடுவில் ஒரு திருப்பம் வரும். தலைவி வேண்டியது ஒன்று, தோழியர் வேண்டியது வேறொன்று. தலைவி நெல் பொலியட்டும், பசி நீங்கட்டும், அரசு முறை செய்யட்டும், மாரி வாய்க்கட்டும் என்று ஊருக்காக வேண்டிக்கொண்டே போகிறாள், தன் துயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோழியரின் வேண்டுதலோ மெல்ல மெல்லத் திறந்துகொள்கிறது. முதல் பாட்டில் அவர்கள் கேட்பது ஊரன் (தலைவன்) வாழ்க, பாணனும் வாழ்க என்பதுதான். பத்தாம் பாட்டில் 'தண்டுறை ஊரன் தன்னொடு கொண்டனன் செல்க' என்று கேட்டுவிடுகிறார்கள். அவன் அவளைத் தன்னோடு அழைத்துப் போகட்டும்! முதல் பாட்டிலேயே இதைக் கேட்டிருந்தால் அது வெறும் கோரிக்கையாக இருந்திருக்கும். பத்து முறை ஊரை வாழ்த்தியபின் கேட்கும்போது, அவ்வளவு நேரம் எதை அடக்கி வைத்திருந்தார்கள் என்பது தெரிகிறது.

பல்லவியை மாற்றியே தீருவேன் என்றால் ஒரே ஒரு முறை, கடைசி முறை மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் மாற்றினால் அது பல்லவியாக இருக்காது.

கேள்வி: மேடையில் இரண்டாம் சரணத்தை மறந்துவிட்டு முதல் சரணத்தையே மறுபடியும் பாடினேன். கைதட்டல் வழக்கம்போல் கிடைத்தது. பெரிய குற்றமா? இன்னொன்று: மாறும் சொல்லைச் சற்று அழுத்திப் பாடலாமா? (மேடைப் பாடகி ஒருவர்)

பதில்: மறதி குற்றமில்லை, அம்மா. ஆனால் அன்று அவர்கள் கேட்டது பாதிக் கதை. தொடங்கிய இடத்திலேயே ஆளை நிறுத்திவிட்டு வந்துவிட்டீர்கள். நேரமில்லை என்றால் முதல் சரணத்தை ஒருமுறை பாடி நிறுத்துங்கள், இரண்டு முறை பாடாதீர்கள். மறுமுறை அதே சொற்கள் வந்தால், ஒன்றுமே நடக்கவில்லை என்று நீங்கள் சொல்வதாகிவிடும். 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பதியமுடியும் என்பதால் சரணங்களைக் குறைக்கவேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் எவருக்கும் இல்லை.

அழுத்தவேண்டாம். முதல் சரணத்தில் அந்த இடத்தை எப்படிப் பாடினீர்களோ, அதே எடை, அதே மூச்சு, அதே சங்கதி (வரியை இழைத்துப் பாடும் விதம்). புதிய சங்கதி ஒன்றை அங்கே போட்டால் கேட்பவர் சங்கதியைத்தான் பாராட்டுவார், சொல் போய்விடும். அழுத்தவேண்டிய இடம் முதல் சரணத்தில் இருக்கிறது. அங்கே பழைய சொல்லைத் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி பதியவைத்துவிடுங்கள். பழைய சொல் மனத்தில் பதியாவிட்டால் புதிய சொல் புதிதாகவே தெரியாது.

கேள்வி: சொல் மாறவேண்டும் என்றுகூட இல்லையோ? விகுதி மாறினாலே கதை நகருமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நகரும். பாரதியின் 'நிற்பதுவே, நடப்பதுவே, பறப்பதுவே' பாட்டை எடுத்து, ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தை மட்டும் வட்டமிட்டுக்கொண்டு போ.

'சொற்பனந் தானோ, பல தோற்ற மயக்கங்களோ' என்று உலகத்தைப் பார்த்து ஓகாரமாகக் கேட்டுக்கொண்டே வருகிறார். முதலில் கேள்வி 'நீங்களெல்லாம்' என்று வெளியில் இருப்பவற்றை நோக்கியிருக்கிறது. இரண்டாம் பகுதி முடியும்போது 'நானுமோர் கனவோ' என்று கேட்கிறவர் மேலேயே திரும்பிவிடுகிறது. மெட்டும் ஓகாரமும் அப்படியே இருக்க, கேள்விக்கு இலக்கான ஆள் மாறிவிட்டார். என் மாணவர்கள் பலர் இந்த இடத்தைப் பாடும்போது தாங்களாகவே குரலைத் தாழ்த்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிறகு பாட்டின் ஈற்றில் ஓகாரம் நின்றுவிடுகிறது. 'காண்பது சக்தியாம், இந்தக் காட்சி நித்தியமாம்.' கேள்வி விடையாகிவிட்டது. முன்னே 'வெறும் காட்சிப் பிழைதானோ' என்று சந்தேகப்பட்டாரே, அதே 'காட்சி'தான் இங்கே நித்தியமாகி நிற்கிறது. 'ஓ' என்ற விகுதி 'ஆம்' என்றாவதற்குள் ஒருவர் சந்தேகத்திலிருந்து உறுதிக்கு வந்துசேர்ந்துவிட்டார். உன் தேர்வுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன், ஆனால் தேர்வுக்காக மட்டும் படிக்காதே. வாய்விட்டுப் பாடு.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பாடிவரும் ஒரு பழைய பாட்டு இரண்டு தொகுப்புகளில் அச்சாகியிருக்கிறது. முதல் இரண்டு சரணங்களும் 'வருவான்' என்று முடிகின்றன. மூன்றாவது சரணம் ஒரு நூலில் 'வருவான்' என்றும் மற்றொன்றில் 'வந்தான்' என்றும் இருக்கிறது. எது சரி? (வாசகர் ஒருவர்)

பதில்: பாடபேதம் என்றால் எனக்கு உ.வே. சாமிநாதையர்தான் நினைவுக்கு வருவார். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1903இல் ஐங்குறுநூறு என்று பதிப்பித்தபோது, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்துவைத்தார். தனக்குப் பிடித்த பாடத்தை மட்டும் அச்சிட்டு மற்றதை மறைக்கவில்லை. நீங்களும் முதலில் இரண்டையும் குறித்துவையுங்கள்.

இனி என் எண்ணம். திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் பிரதியெடுக்கும் கை ஒரு பழக்கத்துக்கு ஆட்படும். இரண்டு முறை 'வருவான்' எழுதிய கை மூன்றாம் முறையும் தானாகவே 'வருவான்' என்று எழுதிவிடும். அச்சுக் கோப்பவருக்கும் இது நேரும், மனப்பாடமாகப் பாடுகிறவருக்கும் நேரும். மாறியிருந்த சொல்லை முன்னைய சொல்லோடு ஒன்றாக்கிவிடுவது எளிதாக நடக்கும் பிழை. ஒன்றாக இருந்த சொல் தற்செயலாக மாறி, அந்த மாற்றம் பொருளோடும் பொருந்தி நிற்பது அரிது. ஆகவே வேறுபடும் பாடத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது. மூன்றாம் சரணத்தின் நடுவே வரும் இரண்டு வரிகள் என்ன சொல்கின்றன? கதவு திறந்தது, காலடி கேட்டது என்று எதாவது இருந்தால் 'வந்தான்' உறுதி. இன்னும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இருந்தால் 'வருவான்' என்றே முடிந்து, வராமலே போன கதையாகவும் இருக்கலாம். அதுவும் நல்ல பாட்டுத்தான். நீங்கள் கடிதத்தில் கடைசி வரிகளை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தில் இதைப் பாடும் மூத்தவரை, இடையில் நிறுத்தாமல் மூன்று சரணங்களையும் முழுதாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அவருக்கும் முதல் சரணத்துச் சொல்தான் வாயில் வரும். பதிவானதும் அந்த நடு இரண்டு வரிகளையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.